பட்டணத்தில் தங்குவதற்கு ஒரு தெரு

வக்கீல் குமாஸ்தா என்றால் வக்காலத்து எழுதுகிறவன், வாய்தாத் தேதியை ஞாபகம் வைத்திருக்கிறவன் என்றுதான் நினைப்பீர்கள். என் காலத்தில் புதுக்கோட்டை வக்கீல் குமாஸ்தாவுக்கு அதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது: பட்டணத்தில் எங்கே தங்கலாம் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது.

சமஸ்தானம் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கீழ்க்கோர்ட்டில் தோற்றவர் உள்ளூரிலேயே மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அப்பீல் என்றால் இனி மதராஸ்தான் என்று ஆகிவிட்டது. அப்பீலுக்குக் கட்சிக்காரர் நேரில் போகவே வேண்டாம் என்று எங்கள் வக்கீல் ஐயா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வார். யார் கேட்டார்கள்? முகத்தைக் காட்டாவிட்டால் ஜட்ஜ் நம்மை மறந்துவிடுவார் என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் என் மேசையண்டை வந்து நிற்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் திருச்சிக்கு வடக்கே போனதே கிடையாது. போய் வந்தவர் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொண்டு, போகப் போகிறவருக்குச் சொல்வேன். இப்படிக் கேள்வி ஞானத்திலேயே காலம் தள்ளியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அன்றைக்கு வந்தவர் கதையை என் மனைவி சிவகாமிக்குச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துகொண்டிருந்தது. அதற்கான வயதும் இல்லை. அரிசியில் கல் பொறுக்குவதை முதலில் விட்டாள். பிறகு ஊசியில் நூல் கோப்பதை விட்டாள். பிறகு வாசலில் கோலமும் நின்றது. புரை முற்றட்டும், பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துப் பார்க்கலாம், ஆனால் பார்வைக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, பட்டணத்தில் தங்க இடம் தேடும் நாள் எனக்கும் ஒன்று வரத்தான் போகிறது. கட்சிக்காரர்கள் திரும்பி வந்து புலம்பியதை நான் பொறுமையாகக் கேட்டதற்கு அதுதான் காரணம். மற்றபடி நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

கோட்டைக்குக் கிழக்கே

பொன்னமராவதிப் பக்கத்து விவசாயி வெள்ளைச்சாமி. கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று வழக்கு. எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் நடுவே பழைய அரண்மனை. சுற்றி நாலு ராஜவீதிகள். அவற்றைத் தாண்டினால் கீழ இரண்டாம் வீதி, கீழ மூன்றாம் வீதி என்று நாலு திசையிலும் கட்டம் போட்டது போல் போய்க்கொண்டே இருக்கும். இந்த ஊருக்கே கோர்ட்டுக்கு வந்து பழகியவருக்கு, உலகத்தில் எல்லா ஊரும் இப்படித்தான் இருந்தாக வேண்டும்.

வெள்ளைச்சாமி என்னிடம், "ஐகோர்ட்டு எங்கிட்டுங்க இருக்கு?" என்றார். கோட்டைக்குப் பக்கம் என்றேன். "அப்பச் சரி. கோட்டைக்குக் கெழக்கே மூணாம் வீதியில தங்கிக்கிறேன். காலை வெயிலுக்கு முதுகக் காட்டிக்கிட்டே கோர்ட்டுக்கு நடந்துறலாம்" என்றார். எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது. மதராஸில் கோட்டை இருப்பது தெரியும், கிழக்கு என்ற திசையும் தெரியும், வேறென்ன வேண்டும்? நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

மறு வாரம் வந்தவர் உட்காரவே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்: "கோட்டையத் தாண்டிக் கெழக்காம போறேன், போறேன், மணலு வந்துருச்சு. இன்னுங் கொஞ்சம் போனா அலை வந்து வேட்டிய நனைக்குது. ரெண்டாம் வீதியே இல்லீங்க, மூணாம் வீதிக்கு எங்கிட்டுப் போக?"

இரைகிற கடல்

இதைச் சொன்னதும் சிவகாமி அடுப்பு முன்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. விழுந்த கரண்டியைக் கையால் தடவித் தேடினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கிழக்கே கடல் என்பதாவது தெரிந்ததே என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தெரிந்ததைச் சும்மா விடலாமா? அடுத்து வந்தவர் கோட்டைப்பட்டினத்துக் காதர் மரைக்காயர். படகு யாருக்குச் சொந்தம் என்பது வழக்கு. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் ஆயிற்றே, கடலோரமாகத் தங்கினால் சொந்த ஊரில் இருப்பது போல் இருக்குமே என்று, திருவல்லிக்கேணியில் கடற்கரைக்குப் பக்கமாகப் பார்க்கச் சொன்னேன். இந்த யோசனையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கட்சிக்காரர் மனதறிந்து இடம் சொல்கிற குமாஸ்தா இந்த ராஜ்யத்தில் எத்தனை பேர்?

மரைக்காயர் கண் சிவந்து திரும்பினார். வழக்கு தோற்றுவிட்டதோ என்று பதறிப் போனேன். வழக்கு ஜெயம்தான். தூக்கம்தான் போயிருந்தது. கோட்டைப்பட்டினத்துக் கடலில் அலை அடிக்காது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவர்தான் சொன்னார்: "எங்க கடலு கொளம் மாதிரி கெடக்கும், தம்பி. படகக் கட்டுனா கட்டுன எடத்துல நிக்கும். அங்க என்னான்னா ராப்பகலா இரைஞ்சு வஞ்சுக்கிட்டே இருக்கு. அதுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

ரயில் தெரிகிற இடம்

கீரனூர் ரெங்கசாமிக்குத் திருச்சியில் அரிசி மண்டியில் வேலை. காலை பஸ்ஸில் போய்விட்டு சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுகிற மனிதர். பிறத்தியார் கூரையின் கீழ் தூங்கியதே இல்லை. "எதுக்குங்க தங்கணும்? காலையில போயிட்டு அந்திக்கு வந்துர்றேன்" என்று என்னோடு வாதாடினார். மதராஸ் திருச்சி இல்லை என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தங்கிக்கொள்ளுங்கள், இறங்கியதும் அறை, அறையை விட்டால் ரயில் என்று சொன்னேன். ஒரே புகையும் சத்தமும் என்று மற்றவர்கள் வெறுத்து ஒதுக்கிய இடம் அது.

அவர் மட்டும் மலர்ந்த முகத்தோடு வந்தார். சாயங்காலமானால் பிளாட்பாரத்துக்குப் போய், நம் பக்கம் வருகிற ரயில் புறப்படும்வரை நின்றுவிட்டு அறைக்குத் திரும்புவாராம். அப்புறம்தான் சாப்பாடு இறங்குமாம். ஏறப் போவதில்லையே, பார்த்து என்ன பயன் என்று கேட்டேன். "நாளைக்கும் இது போகும்னு தெரியும்லங்க. நம்ம ஊருக்குப் போறது கண்ணுல பட்டுட்டா மனுசனுக்கு அது போதும்."

இதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை.

வாத்தியார் ஓடி வந்த தெரு

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து வழக்குப் போட்டவர். அமைதியான மனிதர். "சத்தம் இருக்கப்படாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றார். எழும்பூரில் இருந்து கூவத்தைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை என்றும், அங்கே ஒரு வீட்டில் மாடி அறை கிடைக்கும், வீட்டுக்கார அம்மாள் தங்கமான மனுஷி என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாள் சத்தமில்லாதவள் என்பது உண்மை. தெருவைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

விடிவதற்கு முன்னே பால்காரர் தொடங்கி வைப்பாராம். பிறகு கீரை. பிறகு உப்பு வண்டி. அப்புறம் மண்ணெண்ணெய் வண்டிக்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டு வருவார். சாணை பிடிக்கிறவர் வந்து சக்கரத்தைச் சுற்றினால் பல் கூசுமாம். எதிர்வீட்டில் மாவு மிஷின். அதை நிறுத்தினால் பக்கத்து அச்சாபீஸ். வாத்தியார் அறையைக் காலி செய்துவிட்டு மைலாப்பூரில் குளத்தங்கரைப் பக்கம் போய்விட்டார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்தத் தெருவுல காது இருக்கிறவன் குடியிருக்க முடியாதுங்க."

சிவகாமியின் உத்தரவு

கோடை விடுமுறைக்குக் கோர்ட்டை மூடினார்கள். அதற்குள் சிவகாமிக்கு ஆள் வருவது தெரியும், வருகிற ஆள் யார் என்று தெரியாது என்கிற நிலைமை வந்துவிட்டது. புரை முற்றிவிட்டது, கிளம்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் ஒரு கண்ணுக்குத்தான் கத்தி. ஆனால் அசையக் கூடாது என்று இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்களாம். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த பிறகும் கட்டோடு சில நாள் பக்கத்தில் தங்கிக் காட்டிவிட்டுத்தான் ஊருக்கு வர வேண்டுமாம்.

இத்தனை வருஷம் இதற்காகத்தானே இடங்களைப் பற்றிக் கேட்டுச் சேர்த்து வைத்தேன்? எழும்பூரில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பக்கமும் மரம். ஒரு காக்கை கத்தினால்தான் உண்டு. அங்கே போய் வந்தவர்களில் குறை சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அதைச் சிவகாமியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த வாத்தியாரு ஓடி வந்தாரே, அது எந்தத் தெருங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மனுஷர் இருக்கிற இடமா, உனக்கு ஓய்வு வேண்டாமா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "கண்ணக் கட்டிக் கெடக்கையில சத்தமும் இல்லாட்டி நான் எதப் பிடிச்சுக்கிட்டுங்க இருப்பேன்? காது இருக்கிறவன் இருக்க முடியாதுன்னாரு. எனக்கு இப்ப அது ஒண்ணுதான இருக்கு. நாலு பேரு போறது வாரது கேட்டா, நானும் அவங்களுக்கு நடுவுல இருக்கேன்னு தோணும். பார்வை வந்தா சரி. வராட்டி, இப்பவே பழகிக்க வேணாமா?" என்றாள். பிறகு என் கையைத் தட்டிச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் எடம் சொன்னீக. எனக்கு நானே சொல்லிக்கிறேன், விடுங்க."

கீரைக்காரி

கத்தி வைத்த பிறகு, சிந்தாதிரிப்பேட்டை மாடி அறையில் ஜன்னலோரமாக அவளுக்குக் கட்டில். வாத்தியார் சொன்னதில் ஒரு வார்த்தை மிகை இல்லை. எனக்குத் தலை வலித்தது. சிவகாமியோ தலையை அசைக்காமல் படுத்தபடி ஒவ்வொரு குரலையும் ஆளாக்கிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்க்காரருக்குக் கோபம் அதிகம், தகரத்தைத் தட்டுகிற தட்டிலேயே தெரிகிறதாம். உப்புக்காரர் ஒரு காலைச் சாய்த்து நடப்பவராம். கீரைக்காரி மட்டும் கிழவியாம். கூடையை இறக்கும்போது 'யம்மா' என்று அவ்வளவு பெரிய மூச்சு விடுகிறாளாம். பாவம், இந்த வயதில் தெருத் தெருவாகச் சுமக்கிறாளே என்று என்னிடம் தினமும் குறைப்பட்டுக்கொள்வாள். நான் ஜன்னல் பக்கம் எழுந்து போனால், "ஒண்ணும் சொல்லாதீங்க. நானே பாத்துக்கிறேன்" என்று தடுத்துவிடுவாள். பார்ப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நானும் பார்ப்பதை விட்டுவிட்டேன். கீரை என்ற குரல் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கட்டு அவிழ்த்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை ஆட்டிக் காட்டினார். "வெளிச்சமாருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, தற்காலிகமாக ஒரு தடித்த கண்ணாடியைக் கொடுத்து, போகப் போகத் தெரியும் என்றார். எத்தனையோ கட்சிக்காரருக்கு நான் சொன்ன வார்த்தைதான் அது; நம் பக்கம் வரும்போது அதில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் குனிந்தபடியே வந்தாள்.

மறுநாள் காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கீழே கீரை என்ற குரல். கூடை இறங்கியது. அதே மூச்சு. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் ஒன்றுமே இல்லை. தெரியவில்லை போலிருக்கிறது, என்ன சொல்லித் தேற்றுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது சிவகாமி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்: "என்னங்க, இங்கிட்டு வாங்களேன்! கெழவின்னு நெனச்சேனே, சின்னப் பொண்ணுங்க! மாசமா இருக்கா, இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க. அதான் அம்புட்டு மூச்சு!"

அதற்குப் பிறகும் பட்டணத்தில் எங்கே தங்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கண்ணால் பார்த்து, மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்த அந்த ஒரே தெருவை மட்டும் இன்றுவரை ஒரு கட்சிக்காரரும் ஏற்றுக்கொள்ளவில்லை.