பக்கத்தில் நிற்காத நாள்

என் அப்பா பம்புசெட் மெக்கானிக். முசிறிப் பக்கத்து வாழைத்தோட்டங்களில் அவர் கை படாத மோட்டார் குறைவு. வேலையின்போது யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். "நம்பிக்கை இல்லைன்னா எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்பார். அதனால் எங்கள் வீட்டில் யார் வேலைக்கு வந்தாலும் மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். நின்று பார்ப்பது அவமரியாதை.

அந்த மரியாதையைத்தான் ஒரு அயோக்கியன் பயன்படுத்திக்கொண்டான்.

பக்கவாதம் வந்து அப்பா எடமலைப்பட்டி புதூர் வீட்டில் படுத்துக் கிடந்த சித்திரை மாதம். முதுகில் படுக்கைப் புண். வியர்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏசி நின்றுபோனது. போனில் தேடிப் பிடித்த ஆள் வந்தான். மோர் குடித்தான். ஜன்னலுக்கு வெளியே இருந்த ஏசிப் பெட்டியைத் திறந்தான். நான் உள்ளே வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு நாக்கு குழறும், ஆனால் புரியும். "கம்ப்ரசர் உறுமுது பாரு. கெட்டுப் போகலை, கிளம்பத்தான் முடியலை. சின்ன சாமான்தான்டா. போய்க் கூட நில்லு."

"நீங்கதானே நிக்கக் கூடாதும்பீங்க? இது என்ன உங்க பம்புசெட்டா? பேசாம படுங்கப்பா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கம்ப்ரசர் போச்சு சார்" என்று அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நாளைக்கு சார், சாமான் சென்னையிலேர்ந்து வரணும் சார் என்றே எட்டு நாள் ஓடியது. டேபிள் ஃபேன் அனலைத்தான் வீசியது. ஈரத்துணி போட்டுப் பார்த்தோம். புண் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா உயிரோடு திரும்பவில்லை. வெக்கையால்தானா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டி வந்தது. புது கம்ப்ரசர் என்று மாட்டிவிட்டுப் போனான். போன மாதம் அது கடகடவென்று சத்தம் போட, ஸ்ரீரங்கத்திலிருந்து வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன். திறந்தவர் சிரித்தார்.

"புதுசா? இது கம்பெனியில வந்த அதே கம்ப்ரசர்ங்க. கழட்டவே இல்லை. கெப்பாசிட்டர் மட்டும்தான் மாத்தியிருக்கான்."

"அது என்னங்க?"

"மோட்டாரைக் கிளப்பிவிடற சாமான். கால்மணி நேர வேலை."

படுத்த இடத்திலிருந்தே அப்பா காதால் கண்டுபிடித்தது.

மெக்கானிக் பெட்டிக்குள் இருந்த ஃபேனின் போல்ட்டுகளை இறுக்கத் தொடங்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன். மோர் கொடுக்கவில்லை.

"உள்ள போய் உக்காருங்க சார், நான் பாத்துக்கறேன்."

நான் நகரவில்லை. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.