மெஷினுக்கு மேலே கேமரா

மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஒரு தேர்தலில் எங்கள் தொகுதியில் முதலாளியின் மச்சான் நின்றார். "நம்ம பொம்பளைங்க ஓட்டு ஒண்ணுகூட வெளிய போவக் கூடாது, பாத்துக்கோ" என்றார் முதலாளி.

துப்புரவு வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களையும் லாண்டரி அறைக்கு அழைத்தேன். "ஓட்டு மெஷினுக்கு மேல கேமரா கீது. யாரு எதுல அமுக்கினாங்கன்னு ரிசல்ட்டோட நமக்கு வந்துடும்" என்றேன். அப்படி ஒரு கேமரா கிடையவே கிடையாது. பொய் சரளமாக வந்தது.

மச்சான் தோற்றுப்போனார். முடிவு வந்த மறுநாள் காலை, புதுப்பட்டினத்திலிருந்து வரும் புஷ்பா தன் யூனிஃபார்ம் புடவைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். ஏழு வருஷமாக வேலை பார்ப்பவள்.

"ண்ணா, நான் வேற ஆளுக்குத்தான் போட்டேன். நீங்க கேமராவுல பாத்திருப்பீங்க. நீங்களா போவச் சொல்றதுக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்."

'கேமராவே இல்லை, போய் வேலையைப் பார்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற பதினோரு பேருக்கும் என் பொய் தெரிந்துவிடும். புடவைகளை எண்ணிப் பார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் போய்விட்டாள்.

அடுத்த தேர்தலில் நானும் ஓட்டுப் போடப் போனேன். அட்டை மறைப்புக்குள் நின்று, பட்டனை அமுக்குவதற்கு முன் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன்.