ஆற்றுப்பக்கம் அடைக்காத வேலி

அன்பான சபையாரே, ஒன்பது பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்தேன். எழுப்பப் போனபோது எட்டுப் பேர்தான் கிடந்தார்கள். மூன்று வயது தர்ஷினியின் இடம் வெறுமையாய் இருந்தது. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் என் பிழையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை மறைத்துச் சாட்சி சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

எங்கள் ஊர் வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில். பெண்கள் விடியவே தோணி ஏறி, அக்கரையான படுவான்கரை வயல் வட்டைகளுக்கு வேலைக்குப் போவார்கள். தர்ஷினியின் தாய் சுகந்தி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் வரம்பில் குடைக்குக் கீழே இருத்திவிட்டுப் புல்லுப் பிடுங்குவாள். ஒருநாள் பிள்ளை, கால் இரண்டும் எறும்பு கடித்து வீங்கிப்போய் வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போதகரிடம் கேட்டு, முன்பு நான் படிப்பித்த, சபையின் பழைய ஓய்வுநாள் பாடசாலைக் கட்டடத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் நிலையத்தைத் தொடங்கினேன். சுகந்தி மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைக்கிறவள். அதெல்லாம் நான் பார்க்கவில்லை.

கட்டடத்துக்கு முன்னால் மதில் இருந்தது. பின்னால் ஆறு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரில் ஆற்றுப்பக்கம் ஒருவரும் வேலி அடைப்பதில்லை. வலையைத் தோளில் காவவும் தோணி இழுக்கவும் எல்லார் வீட்டு வளவாலும் வழி விடவேண்டும். நான் வேலிப் பேச்சை எடுத்தவுடன் பக்கத்து வளவு கணபதியண்ணன் பாய்ந்து வந்தார். மீன்பிடிதான் அவருக்குச் சீவியம்.

“ரீச்சர், புள்ளையளப் பாக்கிற எண்டா கண்ணால பாருங்க. ஆத்து வழிய அடைச்சி எங்கட வயித்தில அடிக்காதீங்க!”

என்னை ஊரில் வாய்க்காரி என்பார்கள். அந்த வாய்க்காரி அன்று வாயை மூடிக்கொண்டாள். ஊர் முறைத்தால் நிலையம் படுத்துவிடும் என்று பயந்தேன். பிள்ளைகளை விட ஊரின் முகம் எனக்குப் பெரிதாய்ப் போயிற்று.

இன்னொரு பிழையும் உண்டு. பிள்ளை பாராத நேரம் நழுவிப் போகும்படி தாய்மாருக்குப் பழக்கியதும் நான்தான். “கள்ளமாப் போயிரு! அழுகையப் பாத்துக்கிட்டு நிண்டா தோணி போயிரும்” என்று சுகந்தியைத் துரத்துவேன். தர்ஷினி ஒவ்வொரு நாளும் ஆற்றுப்பக்கம் பார்த்தபடியே தாயைத் தேடுவாள். அது எனக்கு விளங்கவில்லை.

அந்த நாள் மத்தியானம், ஒன்பது பேரும் நித்திரை என்று நினைத்துப் பால்மா கரைக்கக் குசினிக்குள் போனேன். அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. பின்னால் ஓடினேன். சேற்றில் சின்னக் காலடிகள் தண்ணீர்வரை போய் நின்றன.

ஐயோ, அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன்! நான் போட்ட சத்தத்தில் அயல் பெண்கள் ஓடிவந்து மற்ற எட்டுப் பேரையும் அள்ளிக்கொண்டார்கள். நான் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவினேன். பாசி வந்தது. கிழிந்த வலைத் துண்டு வந்தது. மனப்பாடமாய்ச் சொல்லும் ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. “ஆண்டவரே, ஊருக்குப் பயந்தேன், உமக்குப் பயப்படவில்லை. என்னை எடும். அந்தப் பிள்ளையைத் தாரும்.” திரும்பத் திரும்ப இதையே கத்தினேன். காற்று மட்டும் அடித்தது.

ஆண்கள் நீளக் கம்புகளால் ஆற்றின் அடியைத் துழாவினார்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது சுகந்தியைத் தோணியில் கொண்டுவந்தார்கள். அவள் என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை.

“என்ர புள்ள எங்கக்கா?”

நான் அப்படியே சேற்றில் விழுந்து கிடந்தேன். செத்துப்போக வேண்டும் என்றுதான் அப்போது ஆசைப்பட்டேன்.

அந்த நேரம் கணபதியண்ணன் காய்ச்சலோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு தள்ளாடி வந்தார். கரையைப் பார்த்தார். “என்ர சின்னத் தோணிய ஆரு எடுத்த?” என்றார். ஒருவரும் எடுக்கவில்லை. போர்வையை எறிந்துவிட்டு இன்னொரு தோணியில் பாய்ந்து ஏறினார்.

கண்டல் மரங்களுக்கு அந்தப் பக்கம், கரையிலிருந்து கண்ணுக்குப் படாத இடத்தில் அவருடைய சின்னத் தோணி நின்றது. காற்றில் அவிழ்ந்து இழுபட்ட அதன் கயிறு அவர் வலை கட்ட நட்டிருந்த கம்பில் சிக்கியிருந்தது. கம்புக்கு அங்கால் வெறும் வெளித் தண்ணீர். தோணிக்குள்ளே உரப்பையைப் போர்த்திக்கொண்டு தர்ஷினி நித்திரை. முகம் வெயிலில் கன்றியிருந்தது, உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது. ஸ்தோத்திரம்! அம்மாவிடம் போகத்தான் தோணியில் ஏறினாளாம்.

பிள்ளையைத் தாயின் மடியில் வைத்துவிட்டுக் கணபதியண்ணன் குந்தியிருந்து அழுதார். “அந்தக் கம்புகள நேத்தே புடுங்க இருந்த நான், ரீச்சர். மீன் படல்ல. காய்ச்சல் வந்து படுத்திட்டன்.”

கேட்டீர்களா? நான் கதறியது அன்று மத்தியானம். கம்பைப் பிடுங்கவிடாமல் கர்த்தர் பிடித்து வைத்தது அதற்கு முதல்நாள்.

அடுத்த நாள் விடிய, நிலையத்தை மூடித் திறப்பைப் போதகரிடம் கொடுத்துவிட எண்ணிக் கட்டடத்துக்குப் போனேன். எந்தத் தாய் இனி என்னை நம்புவாள்? பின்பக்கம் இடிக்கிற சத்தம் கேட்டது. கணபதியண்ணன் அதே கம்புகளைப் பிடுங்கி வந்து ஆற்றுப்பக்கம் நட்டுக்கொண்டிருந்தார். வலை காவ வழியாக, திறந்து மூடும் ஒரு படலை, அதற்குப் பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் கொளுக்கி. சொல்லிவைத்ததுபோல் சுகந்தியும் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னை நம்பியா கொண்டுவந்த நீ?” என்று கேட்டேன்.

“தண்ணிக்க நிண்டு ‘என்னை எடும்’ எண்டு நீங்க கத்தின கத்து தோணி வரைக்கும் கேட்டிச்சக்கா” என்றாள். பிறகு குந்தி, பிள்ளையின் முகத்தைப் பிடித்துச் சொன்னாள்: “அம்மா வட்டைக்குப் போறன். பின்னேரத் தோணியில வந்திருவன்.” தர்ஷினி கத்தி அழுதாள். அழட்டும் என்று விட்டோம். வேலிக்குள்ளே என் இடுப்பில் இருந்தபடியே தோணிக்குக் கை காட்டினாள்.

இப்போது எங்கள் நிலையத்தில் ஒரு தாயும் நழுவிப் போவதில்லை. சுகந்தி முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள், நான் சண்டைக்குப் போகவில்லை. என் ஆண்டவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். இதைக் கேட்கிறவர்களில் யாராவது நெஞ்சளவு தண்ணீரில் நின்று தடவிக்கொண்டிருந்தால், பிழையை மறைக்காமல் அவரிடம் சொல்லி அழுங்கள். உங்களுக்கான கம்பை அவர் நேற்றே நட்டு வைத்திருப்பார்.