டி.சி. வாங்கச் சொல்ல வந்த டீச்சர்

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கெழுதும் ரைட்டர். இரண்டாம் வகுப்பு படித்த எங்கள் மகளுக்கு ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. பாடம் நடக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். இன்றைக்கு அதற்கு ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'வாலு' என்ற பெயர்தான். அடித்தும் பார்த்தோம், சாமிக்கு நேர்ந்தும் பார்த்தோம். அரையாண்டுப் பரீட்சையில் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டாள். இனி பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்தேன். பக்கத்தில் வேறு பள்ளிக்கூடமும் கிடையாது.

லீவு முடிந்த வாரம், ஒரு சனிக்கிழமை அவளுடைய டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன வயது, வேலைக்குப் புதிது. அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா என் மகள் எதிர்க் களத்தில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டைக்குள் இறங்க வேண்டும்? முதலாளி பார்த்தால் ரைட்டர் வேலைக்கே வேட்டு! குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க, அடிக்காதீங்க. அவ என்ன பண்றான்னு பாருங்க."

களத்து ஆட்களைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்து, கோடு கோடாகக் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். களம் முழுக்க முடித்துவிட்டுத்தான் வந்தாள். வந்தவள் டீச்சர் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கேட்ட வாய்ப்பாட்டைச் சொன்னாள். என்னால் நம்பவே முடியவில்லை.

"காலைல என்ன கண்ணு சாப்பிட்ட?"

"வரக்காப்பியும் பொறையும்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, டி.சி. வாங்கிக்கச் சொல்லத்தான் என்னை அனுப்பிச்சாங்க. முழுப் பரீட்சை வரைக்கும் இவ என் பொறுப்புன்னு பெரிய டீச்சர்கிட்டச் சொல்லிக்கறனுங்க. ஆனா ஊட்டுல எல்லாரும் சேந்து செய்யோணும். மொதல்ல ஓடியாட உடுங்க, அப்பறம் பொஸ்தகம். காலைல வயிறு நெறையக் களி குடுங்க. நேரத்துக்குத் தூங்க வைங்க."

களத்து மேஸ்திரியிடம் சொல்லி, பள்ளி விட்டதும் களத்தில் இறங்கவிட்டோம். காப்பி சீசன் முடிந்ததும் என் கணவர் அவளோடு எஸ்டேட் ரோட்டில் நடந்தார். அவள் படிக்கிற நேரம் ரேடியோவுக்கு வாய்ப்பூட்டு. நாடகம் போய்விட்டதே என்று மனிதர் முணுமுணுத்துக்கொண்டே பேப்பரோடு மகள் பக்கத்தில் உட்காருவார். வாலுத்தனம் ஒன்றும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் வீட்டில் அடி நின்றது, அழுகை குறைந்தது.

முழுப் பரீட்சை அன்று வாசலில் காத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள், இவளை மட்டும் காணோம். மறுபடியும் எங்கேயோ ஓடிவிட்டாள் என்று பதறிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு காலை ஆட்டிக்கொண்டே, இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

வந்த வேலையை முடித்துவிட்டு அந்த டீச்சர் அன்றே திரும்பிப் போயிருந்தால் அவரை யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும்போது, இன்றும் என் கைகள் தானாகக் குவிகின்றன.