உப்புச் சட்டமும் கிளட்ச் காலும்

சுகர் லேண்ட் கோயில் விழாக்களுக்குப் புஷ்பவல்லி எப்போதும் முழுக்கை ரவிக்கையில்தான் வருவாள். டெக்ஸாஸ் வெயிலில் இது என்ன பேஷன் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

கோபிசெட்டிபாளையத்தில் பி.எஸ்ஸி. முடித்து, எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர் வேலுமணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். ஊருக்கு அவன் தங்கமான மனுஷன். வீட்டில் குழம்பு ஆறியிருந்தால் அறை, வாய் திறந்தால் பெல்ட். கார் சாவியை மட்டும் அவள் கையில் கொடுக்கவே மாட்டான். அந்த ஊரில் கார் இல்லாதவள் கால் இல்லாதவள். பால் வாங்கவும், மகள் வான்மதியைப் பள்ளியில் விடவும் அவன் வரவேண்டும், அவன் அடித்த காயத்துக்கு டாக்டரிடம் போகவும் அவனே வரவேண்டும்.

1997-இல், காலேஜ் பாடங்களை வீடியோ கேசட்டில் அனுப்பும் ஒரு படிப்பில் சேர்ந்தாள். டைம் பாஸ்தானே என்று அவனும் விட்டுவிட்டான். வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுத அவளுக்கு வாய்த்தது பழைய சீனத்து உப்பு. படிக்கப் படிக்க அவளுக்கு வயிறு எரிந்தது. உப்பில்லாமல் யாராலும் இருக்க முடியாது, ஆகவே உப்பைப் பிடித்தால் ஊரையே பிடித்த மாதிரி என்று அங்கே மந்திரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹான் பேரரசர் ஒருவர் உப்பை அரசாங்கத்துக்கே உரியதாக்கி, அந்தப் பணத்தில் எல்லையில் போர் நடத்தினார். திருட்டுத்தனமாக உப்புக் காய்ச்சினால் இடது காலில் இரும்பு விலங்கு, சட்டியும் பறிமுதல். டாங் வம்சத்தில் உப்பு விலை ஏறி ஏழைகள் சப்பென்று தின்றார்கள். கடத்தியவர்கள் தலை உருண்டது. கடைசியில் ஓர் உப்புக் கடத்தல்காரனே படை திரட்டித் தலைநகருக்குள் புகுந்து பிணமாகக் குவித்தான்.

நம் வீட்டு உப்பு கார் சாவிதான் என்று புஷ்பவல்லிக்குப் பளிச்சென்று பட்டது. அவளும் கடத்தலில் இறங்கினாள். அடுத்த வீட்டு ருக்மிணி தன் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மாசமாக இருந்த ருக்மிணியை டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னபிறகு, பகலில் அந்தக் காருக்குப் புஷ்பவல்லிதான் டிரைவர். லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

பாழாய்ப்போன மகாதேவன், வேலுமணியோடு வேலை பார்ப்பவன், ஆபீசில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “உங்க ஒய்ஃப் ஃப்ரீவேல சூப்பரா டிரைவ் பண்றாங்களே!” என்று பாராட்டிவிட்டான்.

வேலுமணி மத்தியானமே வீட்டுக்கு வந்தான். முதலில் போனைச் சுவரிலிருந்து பிய்த்து எறிந்தான். “யாரக் கேட்டுடி டிரைவ் பண்ணுன?” என்று அவள் தலைமுடியைப் பிடித்துக் கராஜுக்கு இழுத்துப் போனான். அங்கே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தான். “கிளட்ச் மிதிக்கற காலு இதுதான?” என்று இடது பாதத்தில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது. விடாமல் இன்னொரு முறையும் அடித்தான்.

“பேங்க் லாக்கர்ல பாஸ்போர்ட்ட எடுத்துட்டு, வான்மதிய ஸ்கூல்ல இருந்து அப்படியே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்கம்மாகிட்ட வளரட்டும். நீ இங்கியே கெட” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வேலுமணி கோயம்புத்தூரில் ஓட்டக் கற்றவன். இங்கே வந்தும் கியர் வண்டிதான் வாங்கினான். கிளட்ச் இல்லாததெல்லாம் அவனுக்கு ஒரு வண்டியே இல்லை. சீனத்து மந்திரிகள் சட்டியைப் பறிக்க மறக்கவில்லை. இந்த மடையன் அடுத்த வீட்டு ஆட்டோமேட்டிக்கை மறந்தே போனான்.

புல்தரையில் தவழ்ந்து போய் அவள் ருக்மிணியின் கதவைத் தட்டினாள்.

“அய்யோ, ரத்தம்! ஆம்புலன்ஸ் வரட்டும், புஷ்பா!”

“அதுக்குள்ள எம்புள்ளையக் கொண்டு போயிருவாரு. சாவி குடு. நீ போலீசுக்கு போன் பண்ணி ஸ்கூலுக்கு வரச் சொல்லு.”

ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லை, வலது கால் ஒன்றே போதுமாக இருந்தது. பள்ளி வாசலில் வேலுமணி தன் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, ஏழு வயது வான்மதியின் கையைப் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தான். அந்த வண்டிக்குள் யாருமில்லை, பக்கத்திலும் யாருமில்லை என்பதைப் புஷ்பவல்லி பார்த்தாள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அதன் மூஞ்சியிலேயே மோதினாள். இரண்டு வண்டிகளும் நொறுங்கின. ருக்மிணியின் கார் என்பதெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகமில்லை. வேலுமணி மகளை விட்டுவிட்டு ஓடிவந்து, உடைந்த ஜன்னல் வழியாகவே அவள் கழுத்தை நெரித்தான். போலீஸ்காரர் வந்துதான் பிய்த்து எடுத்தார்.

அந்தப் போலீஸ்காரர் குனிந்து, இவன் உன்னை அடிப்பது இதுதான் முதல் தடவையா என்று கேட்டார். பாத்டப்பில் வழுக்கி விழுந்தேன் என்றே இத்தனை வருஷம் டாக்டர்களிடம் சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. அடி விழும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து, பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று நம்பியிருந்தாள்.

வான்மதி முந்திக்கொண்டாள். “நோ. வென் தி டிவி இஸ் லவுட், ஹீ இஸ் ஹிட்டிங் ஹெர்.”

புஷ்பவல்லி அப்போதுதான் அழுதாள். பிறகு முழுக்கை ரவிக்கையை மேலே சுருட்டி, பெல்ட் தழும்பேறிய கையைப் போலீஸ்காரரிடம் நீட்டினாள்.