மீசை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

எட்டாம் வகுப்பில் எனக்கு மீசை இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மேலுதட்டில் பூனைமயிர்தான். ஆனால் தென்காசியில் என் வகுப்புப் பெண்கள், அவர்களைப் போலவே பெண்ணான என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட அது போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அச்சன்புதூர் வயலுக்குப் போயிருந்தார். அம்மா மார்க்கெட்டுக்கு. நான் அப்பாவின் ரேஸரை எடுத்தேன். பிளாஸ்டிக் ரேஸர் இல்லை அது. கைப்பிடியைத் திருகித் தலையைக் கழற்றி, இரண்டு பக்கமும் கூரான பிளேடை நடுவில் வைத்து மூட வேண்டிய கனமான ஸ்டீல் ரேஸர். அப்பா செய்வதைத் தினமும் பார்த்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. சோப்பு நுரையைத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றே இழுப்பு. அண்ணாச்சி போய்விட்டார். ஒரு கீறல்கூட இல்லை.

முகத்தைக் கழுவிவிட்டு பிளேடைக் கழற்றும்போதுதான் அது ஈரக்கையில் வழுக்கி, இடது உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி இறங்கியது. வாஷ்பேசின் முழுக்க ரத்தம். அந்த நேரம் பார்த்து அம்மா வந்துவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி பண்ணுத?"

மீசையை எடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சும்மாதாம்மா" என்றேன்.

அம்மா கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். என் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள்.

அதன்பின் வீட்டில் எல்லாமே விசித்திரமாக நடந்தது. ரேஸரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அப்பா சலூனுக்குப் போக ஆரம்பித்தார். கணக்குப் பரீட்சையில் நான் ஃபெயிலானதற்குச் சத்தமே போடவில்லை.

"ஸ்கூல்ல ஒன்ன யாரும் எதும் சொல்லுதாவளா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். இப்போதுதான் யாரும் சொல்வதில்லையே.

பக்கத்துத் தெருவில் பிளஸ் டூ படித்த அக்கா ஒருத்தி அந்த மாதம்தான் கையை அறுத்துக்கொண்டு, நல்லவேளையாகப் பிழைத்து வீடு திரும்பியிருந்தாள். சின்னப்பிள்ளைகளான எங்களிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். உண்மை எனக்குத் தெரியவந்தபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

தையல் பிரித்த மறுவாரம், ஸ்கூலுக்கு லீவு போட்டு என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல சாரல். கேட்காமலே கிடைத்த லீவில் எனக்கு ஒரே கொண்டாட்டம். குளிர்ந்த தண்ணீர் என்றாலே ஒதுங்கும் அம்மா, அன்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் பக்கம் என்னோடு அருவிக்கடியில் வந்து நின்றாள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

"விடும்மா, வலிக்கு."

"வலிக்கட்டும். சும்மா நில்லு."

பாறை வழுக்கிவிடும் என்று அம்மா பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.