பின்சீட்டு மஞ்சள்

காரின் வெளிப்பக்கத்தைக் கழுவுவது ஒரு வேலையே இல்லை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய வேட்டித் துணி, தீர்ந்தது. உள்பக்கம்தான் மனுஷனைக் கொல்லும். ஒவ்வொரு சவாரியும் எதையாவது விட்டுவிட்டுத்தான் இறங்கும். சேலத்தில் நான் வாடகைக்கு ஓட்டிய பிளசர் ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் களைத்த வண்டி. காரை அந்த நாளில் எல்லோரும் பிளசர் என்றுதான் சொல்வோம். அதன் பின்சீட்டைக் கழற்றினால் அடியில் நிலக்கடலைத் தோல், கொண்டை ஊசி, காய்ந்த வெற்றிலைக் காம்பு எல்லாம் கிடக்கும். ஒரு தடவை ஏதோ குழந்தையின் பால்பல் கிடந்தது. விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கதவு அட்டையில் தடவாத பெரிய மனுஷரை நான் பார்த்ததில்லை. சொன்னால், "வாடகை குடுக்கறமல்லங்க" என்பார்கள்.

அப்படிப்பட்ட வண்டியை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்குக் காரணம் முகூர்த்தங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் பெண் மாப்பிள்ளை ஏற்றுகிற சவாரிதான் எங்கள் வீட்டில் அரிசி. கல்யாணக்காரர்கள் வண்டியின் வேகத்தைப் பார்க்க மாட்டார்கள். கதவைத் திறந்து சீட்டைப் பார்ப்பார்கள். வெள்ளை உறை வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வைகாசியில், ஆட்டையாம்பட்டிக் கல்யாணம் ஒன்றுக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணை ஏற்றிக்கொண்டு எடப்பாடி போக வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கிழவர் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்தார். நாமக்கல் பக்கத்து ஆள். சம்சாரம் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். வரிசையில் நின்ற வண்டிக்காரர்களில் ஒருவருக்கு ரேடியேட்டர் ஒழுகியது, ஒருவருக்குப் பெட்ரோல் இல்லை, ஒருவர் சீட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் நான்.

"கொண்டுபோய் உட்டுருங்க சாமி. மாட்டு வண்டியில போனா நாளைக்கு ஆயிரும். வெயில் தாங்காதுங்க சாமி" என்றார்.

மரித்தவர்களை அடக்கம் பண்ணுவது தர்மக் கிரியை என்று சின்ன வயதில் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்தவன் நான். ஏற்றிக்கொண்டேன். படுக்க வைக்க இடம் போதாது. பின்சீட்டில் உட்கார வைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். ரோடு குலுங்கும்போதெல்லாம், "பாத்து, பாத்து" என்றார். என்னைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் சுத்தம் பண்ண ஆரம்பித்தேன். பினாயில் ஊற்றியது முதல் தப்பு. வண்டிக்குள் ஆஸ்பத்திரியே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வாடை போகச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்தேன். ரெக்சின் சீட்டின் மினுக்கு போய்விட்டது. மினுக்கு வரத் தேங்காய் எண்ணெய் தடவினேன். தெருப் புழுதி வந்து அப்பிக்கொண்டது. மறுபடியும் சோடா. தண்ணீர் தையல் வழியாக உள்ளே இறங்கி, சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் அதையெல்லாம் குடித்துவிட்டது. சீட்டைக் கழற்றிச் சுவரோரம் வெயிலில் சாத்தி வைத்துவிட்டு, சாயங்கால ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனேன்.

திரும்பி வந்தால், என் சம்சாரம் கையில் சொம்போடு நிற்கிறாள். சீட்டெல்லாம் மஞ்சள்.

"பக்கத்தூட்டு அக்கா சொன்னாங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டா தீட்டு போயிருமாங்க. ஏறறவங்களுக்கு மனசுல ஒண்ணும் இருக்காதாம்."

"நாம சொல்லாட்டி ஏறறவங்களுக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"தெரியாதுதானுங்க. இருந்தாலும் நமக்குத் தெரியுமில்லீங்க."

துடைத்தேன், உலரவில்லை. பொழுது விடியுமுன் கிளம்ப வேண்டும். மேலே நீலம் போட்டு வெளுத்த வெள்ளை உறையை மாட்டி, மாதா படத்துக்கு ஒரு பூ வைத்து, ஆட்டையாம்பட்டி போய்ச் சேர்ந்தேன்.

பெண்ணின் அத்தை வந்து கதவைத் திறந்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். உறையின் நடுவில் மஞ்சள் ஊறி மேலே வந்திருந்தது. சோடா மிச்சம் இருந்த இடத்தில் மஞ்சள் சிவந்துபோயிருந்தது.

"ஏனுங்க டிரைவரே, இதென்னங்க, ஆலாத்தி கரைச்சு ஊத்துனாப்பல இருக்குது?"

"மஞ்சத்தண்ணிங்க. சும்மா, நல்லதுக்குத் தெளிச்சதுங்க."

அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தாள். பிறகு முன்னால் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

"நீங்க வேதக்காரங்கதானுங்களே. உங்களுக்கு எதுக்குங்க மஞ்சத்தண்ணி?"

மாதா முகத்துக்கு நேராக நின்று பொய் சொல்ல வரவில்லை. "முந்தாநேத்து ஆஸ்பத்திரியில இருந்து ஒரு அம்மாவ அவங்க ஊருல கொண்டுபோய் உட்டேனுங்க" என்றேன்.

"உசுரோடங்களா?"

"இல்லீங்க."

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அத்தை பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பெண்ணின் அப்பா சைக்கிளில் ஆளை விட்டு வேறு வண்டி வரவழைத்தார். வந்தது எங்கள் ஸ்டாண்டு வண்டிதான். போன மாசம் அதே வண்டி ஆத்தூருக்குப் பிணம் ஏற்றிப் போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதன் டிரைவர் இறங்கி ஒரு துணியால் சீட்டைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். பெண் ஏறிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பேசுன வாடகை வீணாப் போகக் கூடாதுங்க" என்று என் வண்டியில் வாழையிலைக் கட்டையும், சீர்ப் பாத்திரங்களையும், ஒரு பெரிய தயிர்ப் பானையையும் ஏற்றினார்கள். ஏற்றியவர் பெண்ணின் மாமன். "தயிருக்குத் தீட்டு கெடையாதுங்களே?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எடப்பாடி போய்ச் சேருமுன் பானை இரண்டு தடவை சாய்ந்தது. பினாயிலும் சோடாவும் எண்ணெயும் மஞ்சளும் குடித்த அந்த நார் தயிரையும் குடித்தது.

நான் ஊர் திரும்புமுன் பேர் திரும்பிவிட்டது. பொணவண்டி. ஸ்டாண்டில் நின்ற எல்லா வண்டியும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பிணம் ஏற்றிய வண்டிதான். மஞ்சள் தெளித்து ஊருக்குச் சொன்ன வண்டி என்னுடையது ஒன்றுதான். சம்சாரத்தைத் திட்டவும் வாய் வரவில்லை. அவள் கெட்டதுக்கா செய்தாள்? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கதவை ஓங்கிச் சாத்தி, ஒரு கைப்பிடியையும் உடைத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து யாராவது அழுதுகொண்டு வந்தால் மட்டும் எல்லாக் கையும் என் பக்கம் நீளும். போனேன். போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. ஆனால் போகிற வழியெல்லாம் உள்ளுக்குள் முணுமுணுப்புத்தான். சுத்தம் பண்ணும்போது இன்னும் அதிகம். முணுமுணுத்துக்கொண்டு செய்கிற தர்மத்துக்குப் பலன் உண்டா என்று ஒரு நாள் கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியாரிடமே கேட்டுவிட்டேன்.

அவர், "பின்னால உக்காந்திருக்கறவங்க காதுல உழாம முணுமுணுத்துக்கப்பா" என்றார்.